51 ஏன் பகா எண் இல்லை? குழந்தையோடு உட்கார்ந்து பகா எண்ணையும் காரணிச் செடியையும் படிக்க ஒரு வழி

"51 பகா எண்தானே மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். நான் பதில் சொல்லாமல், பகா எண் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டேன். "ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. சரி, 51 எப்படிப் பகா எண் ஆகிறது என்று கேட்டால், "பார்த்தாலே அப்படித்தான் இருக்கிறது" என்கிறாள். வரையறை வாயில் இருக்கிறது, எண் இன்னும் கைக்கு வரவில்லை.

அவளோடு அரைமணி அரைமணியாக ஐந்தாறு நாள் உட்கார்ந்ததில் எந்த வரிசையில் சொன்னால் பிடிபடுகிறது என்று எனக்கு ஓரளவு தெளிவானது. ஐந்தாம் ஆறாம் வகுப்புக் குழந்தை வீட்டில் இருந்தால் இதே வரிசையில் முயன்று பாருங்கள். வாய்ப்பாடு சுமாராகத் தெரிந்தால் போதும். நாற்பது பட்டன்கள், இல்லாவிட்டால் சின்னக் கற்கள், அப்புறம் தாளும் பென்சிலும் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் பட்டன்கள்

12 பட்டன்களைக் கொடுத்து, வரிசை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான் விதி. 3 வரிசையில் நான்கு நான்காக வைக்கலாம். 2 வரிசையில் ஆறு ஆறாக வைக்கலாம். ஒரே நீள வரிசையாக 12-ஐயும் வைக்கலாம். ஆக 1×12, 2×6, 3×4 என்று மூன்று செவ்வகங்கள் கிடைக்கின்றன. திருப்பிப் போட்டால் 4×3 என்று வரும், அது அதே செவ்வகம்தான் என்று குழந்தையே சொல்லிவிடும். இந்தச் செவ்வகங்களின் பக்கங்களான 1, 2, 3, 4, 6, 12 ஆகியவைதான் 12-இன் காரணிகள். காரணி என்ற சொல்லை இங்கே, கையில் செவ்வகம் இருக்கும்போது சொல்லுங்கள்.

அடுத்து 7 பட்டன்களைக் கொடுங்கள். ஒரே வரிசையாக வைத்துவிட்டு வேறு வழி தேடும். இரண்டு வரிசையாக வைத்தால் ஒன்று மிஞ்சும், மூன்று வரிசையாக வைத்தாலும் ஒன்று மிஞ்சும். "வேறு எப்படியும் வராது" என்று அதன் வாயிலிருந்து வரும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு குழந்தையுடையதாக இருக்காது.

இப்படி 1 முதல் 20 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை செவ்வகம் வருகிறது என்று எழுதட்டும். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்ற எட்டு எண்களும் ஒற்றை வரிசையைத் தவிர வேறு எதற்கும் மசியாது. இவைதான் பகா எண்கள். 4, 6, 8, 9, 10 மாதிரி வேறு செவ்வகமும் வருபவை பகு எண்கள்.

பெயர் வந்ததும் அந்தப் பெயரையே பிரித்துக் காட்டுங்கள், தமிழில் படிக்கும் குழந்தைக்கு இது நல்ல வாய்ப்பு. பகு என்றால் பிரி. பகா என்றால் பிரிக்க முடியாத. இலக்கணத்திலும் இதே சொற்கள் உண்டு. 'படித்தான்' என்பதைப் படி, த், த், ஆன் என்று உறுப்புகளாகப் பிரிக்கலாம், அதனால் அது பகுபதம். 'மண்' என்பதைப் பிரித்தால் பொருள் தரும் துண்டு எதுவும் கிடைக்காது, அதனால் பகாப்பதம். சொல்லுக்கு வைத்த பெயரே எண்ணுக்கும் பொருந்தி நிற்பதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது, எனக்கும்தான்.

1 ஏன் பகா எண் இல்லை?

கட்டாயம் கேட்பார்கள். "அது அப்படித்தான்" என்று கடந்துவிடாதீர்கள், இதற்கு நல்ல பதில் இருக்கிறது. காரணிகளை எண்ணச் சொல்லுங்கள். 7-க்கு 1, 7 என்று இரண்டு காரணிகள். 13-க்கும் இரண்டு. 12-க்கு ஆறு. 1-க்கு ஒரே ஒரு காரணிதான். சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்ணே பகா எண் என்று வைத்துக்கொண்டால், "ஒன்றாலும் தன்னாலும்" என்ற மனப்பாட வாக்கியத்தைவிடத் தெளிவாக இருக்கும், 1 தானாகவே வெளியே போய்விடும். அது பகு எண்ணும் இல்லை.

1-ஐ வெளியே வைப்பதற்கு இன்னும் ஆழமான காரணம் காரணிச் செடி வரும்போது தெரியும், அங்கே சொல்கிறேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட 1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்த பட்டியல்கள் அச்சில் வந்திருக்கின்றன. எனவே குழந்தைக்கு இந்தச் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம்தான்.

இன்னொரு குழப்பம்: ஒற்றைப்படை எண் எல்லாம் பகா எண், இரட்டைப்படை எல்லாம் பகு எண் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கும். 9 பட்டன்களை 3×3 என்று சதுரமாக வைத்ததை நினைவுபடுத்துங்கள், பாதி போய்விடும். மறுபக்கம் 2 இருக்கிறது, இரட்டைப்படையில் பகா எண்ணாக இருப்பது அது ஒன்றே. அதற்குமேல் வரும் எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு வரிசையாக அடுக்கிவிடலாம் என்பதால் இன்னொன்று வர வாய்ப்பே இல்லை.

சல்லடை

100 வரையுள்ள பகா எண்களைப் பட்டன் வைத்துத் தேடினால் பொழுது விடிந்துவிடும். இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய வழி ஒன்று இருக்கிறது, எரடோஸ்தனிஸ் சல்லடை என்று பெயர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைமை வகித்த கிரேக்க அறிஞர் அவர், நிழலின் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் அவரே. பகா எண்ணைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, பகா எண்ணாக இருக்க முடியாதவற்றையெல்லாம் அடித்துத் தள்ளி, எஞ்சுவதை எடுத்துக்கொள்வதுதான் சல்லடை.

வழக்கமாகப் பத்துப் பத்தாக எழுதி அடிப்பார்கள். நான் வரிக்கு ஆறு எண்களாக எழுதச் சொல்கிறேன், இந்த மாற்றத்தை மட்டும் தயவுசெய்து செய்து பாருங்கள். முதல் வரியில் 1 முதல் 6, அடுத்த வரியில் 7 முதல் 12, இப்படியே 100 வரை. 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை அடிக்கச் சொன்னால், இரண்டாம், நான்காம், ஆறாம் நெடுவரிசைகள் மேலிருந்து கீழாக மூன்றே கோடுகளில் போய்விடும். 3-ஐ வட்டமிட்டால் மூன்றாம் நெடுவரிசையும் ஒரே கோட்டில் போகும். ஆறு நெடுவரிசையில் நான்கு காலி! மிஞ்சுவது முதலாவதும் ஐந்தாவதும் மட்டும். 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணும் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோதான் நிற்கும் என்பதைக் குழந்தை கண்ணாலேயே பார்த்துவிடுகிறது. அப்படி நிற்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது, 25-உம் 35-உம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் அடுத்த அடி 5-க்கு.

5-இன் மடங்குகள் சாய்வாக இடப்பக்கம் இறங்கும், 7-இன் மடங்குகள் வலப்பக்கம் சாய்ந்து இறங்கும். 5-க்குப் புதிதாக அடிபடுபவை 25, 35, 55, 65, 85, 95. 7-க்குப் புதிதாக மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று: 49, 77, 91. அதற்குமுன் உள்ள 14, 21, 28, 35, 42 எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதைக் காட்டி, ஏன் என்று கேளுங்கள். 7-ஐ அதைவிடச் சின்ன எண்ணோடு பெருக்கியது எதுவானாலும் 2 அல்லது 3 அல்லது 5-இன் மடங்காக முன்பே அடிபட்டிருக்கும். எனவே ஒவ்வொரு பகா எண்ணுக்கும் புதிய வேலை அதன் வர்க்கத்திலிருந்துதான் தொடங்குகிறது, 5-க்கு 25-இல், 7-க்கு 49-இல். அடுத்து 11-க்கு 121-இல் தொடங்க வேண்டும், நம் தாளோ 100-இல் முடிகிறது. சல்லடை வேலை அதோடு முடிந்தது. அடிபடாமல் நிற்பவற்றை எண்ணினால் 25 வர வேண்டும். 24 வந்தால் 97-ஐயோ 83-ஐயோ அவசரத்தில் அடித்திருப்பார்கள், 26 வந்தால் அநேகமாக 91 தப்பித்திருக்கும்.

ஏமாற்றும் எண்கள்

51-க்கு வருவோம். 51, 57, 87, 91 ஆகிய நான்கும் பார்வைக்குப் பகா எண் மாதிரி இருக்கும். வாய்ப்பாட்டில் இவை அடிபடுவதில்லை, அதனால்தான். பத்து வரை மட்டும் வாய்ப்பாடு படித்த குழந்தைக்கு 3×17, 3×19, 3×29, 7×13 எல்லாம் காதில் விழுந்திருக்காது.

மூன்றால் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏன் என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், பெரிய கஷ்டமும் இல்லை. ஒரு பத்தை ஒன்பதும் ஒன்றுமாகப் பாருங்கள். ஒன்பது மூன்று மூன்றாகப் போய்விடும், ஒன்று மிஞ்சும். 51-இல் ஐந்து பத்துகள், எனவே ஐந்து மிச்சம். கூட ஏற்கெனவே இருக்கும் 1. ஆக 6. அதுவும் மூன்று மூன்றாகப் போகிறது, அதனால் 51 முழுவதும் போகிறது. நூறு என்றாலும் இதே கதைதான், 99 போக ஒன்று மிஞ்சும். இலக்கங்களைக் கூட்டுவது என்றால் இந்த மிச்சங்களைக் கூட்டுவதுதான். இதைப் பட்டன் வைத்து ஒரு முறை காட்டியதும் "அப்போ 9-க்கும் இதேதானே மாமா?" என்று அவளாகவே கேட்டாள். ஆமாம், அதேதான்.

2-க்கும் 5-க்கும் கடைசி இலக்கம் போதும். 7-க்கும் விதிகள் இருக்கின்றன, ஆனால் இந்த வயதில் அவை வீண் சுமை என்பது என் எண்ணம். அதற்குப் பதில் தெரிந்த மடங்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். 91 என்றால் 70-ஐ எடுத்துவிடு, 21 மிச்சம், 21 ஏழில் போகும், எனவே 91-உம் போகும். 119 என்றால் 70 போக 49. 133 என்றால் 140-க்கு ஏழு குறைவு. இப்படிக் கழற்றத் தெரிந்தால் 11, 13, 17 எதற்கும் தனி விதி வேண்டாம்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது?

97-ஐக் கொடுத்தால் குழந்தை 2, 3, 4, 5 என்று ஆரம்பித்து 48 வரை போகப் பார்க்கும், இல்லையென்றால் நாலைந்து எண்ணோடு அலுத்துப்போய் "பகா எண்" என்று எழுதிவிடும். எங்கே நிறுத்தலாம் என்பதைப் புரியவைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

36 பட்டன்களை எடுத்து எல்லாச் செவ்வகங்களையும் ஒழுங்காக அடுக்கச் சொல்லுங்கள். 1×36, 2×18, 3×12, 4×9, 6×6. ஒரு பக்கம் கூடக் கூட மறுபக்கம் குறைகிறது, இரண்டும் நெருங்கி நெருங்கி வந்து ஓரிடத்தில் சதுரமாகிவிடுகிறது. அதைத் தாண்டினால் 9×4, 12×3 என்று பழைய செவ்வகங்களே படுத்த நிலையில் திரும்ப வருகின்றன. எனவே எந்த எண்ணானாலும் சதுரம் வரும் இடம் வரை பார்த்தால் போதும். அதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்றால் அதற்குப்பின்னும் அகப்படாது.

97-க்கு வாருங்கள். 10×10 என்றால் 100, அது 97-ஐத் தாண்டிவிட்டது. எனவே 10-க்குள் பார்த்தால் போதும். அதிலும் 4, 6, 8 எல்லாம் வேண்டாம், 2-இல் போகாதது 4-இலும் போகாது. ஆக 2, 3, 5, 7 என்று நான்கே கேள்விகள். ஒற்றைப்படை. 9+7=16, மூன்றில் போகாது. 0, 5-இல் முடியவில்லை. 70 போக 27, ஏழில் போகாது. 97 பகா எண், இனி யார் கேட்டாலும் உறுதியாகச் சொல்லலாம்.

இதே மாதிரி 127-ஐயும் 143-ஐயும் கொடுங்கள். இரண்டுக்குமே 11 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் 12×12=144. 127 எதிலும் மாட்டாது. 143-இல் 110-ஐக் கழற்றினால் 33, எனவே 11×13. கடைசிக் கேள்வி வரை பொறுமையாகப் போனால்தான் இது கிடைக்கும், அதனாலேயே இந்த எண்ணை விடாமல் கொடுக்கிறேன்.

காரணிச் செடி

இதுவரை வந்தது எல்லாம் இதற்காகத்தான். 72-ஐத் தாளின் உச்சியில் எழுதுங்கள். அதை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்து, இரண்டு கிளை போட்டு எழுத வேண்டும். கிளை முனையில் பகு எண் இருந்தால் அதை மீண்டும் பிரிக்க வேண்டும், பகா எண் இருந்தால் வட்டமிட்டு விட்டுவிட வேண்டும். எல்லா முனையிலும் வட்டம் வந்ததும் செடி முடிந்தது.

இதை ஒருவர் மட்டும் செய்யாமல் குறைந்தது மூன்று பேர், ஆளுக்கொரு தாளில், வேறு வேறு முதல் கிளையோடு செய்யுங்கள். நாங்கள் செய்தபோது அவள் 8×9 என்று தொடங்கினாள், அக்கா 2×36 என்று, நான் 6×12 என்று. அவளுடைய 8 போய் 2×4, அந்த 4 போய் 2×2, அந்தப் பக்கம் 9 போய் 3×3. அக்காவின் செடி ஒரே பக்கமாகச் சரிந்து 36, 18, 9 என்று நீண்டு இறங்கியது. என்னுடையது இரண்டு பக்கமும் பரவியது. மூன்றும் மூன்று வடிவம். சரி, இப்போது வட்டமிட்டவற்றை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதலாம் என்றேன். 2, 2, 2, 3, 3. அக்காவுக்கும் 2, 2, 2, 3, 3. எனக்கும் அதே. அவள் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள், அப்புறம் நம்பாமல் 3×24 என்று நான்காவது செடியைத் தானே போட்டாள். அதுவும் அப்படியே வந்தது.

இந்த இடத்தில் நிறைய நேரம் தங்குங்கள். எந்தப் பக்கம் தொடங்கினாலும், எப்படி உடைத்தாலும், ஓர் எண்ணுக்குள் இருக்கும் பகா எண்கள் மாறுவதே இல்லை. 72-க்குள் மூன்று 2-உம் இரண்டு 3-உம் இருக்கின்றன, வேறு எதுவும் கிடையாது, வேறு எந்த எண்ணுக்கும் இதே கூட்டம் அமையாது. இதற்கு எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். இதன் வேர் பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காலத்திலேயே இருக்கிறது, தெளிவாக எழுதி நிறுவியவர் ஜெர்மனியின் கணித அறிஞர் காஸ், 1801-இல். பெயரும் ஆண்டும் குழந்தைக்கு வேண்டியதில்லை. அந்த மூன்று தாள்கள் வேண்டும்.

1-ஐ ஏன் வெளியே வைத்தோம் என்பதற்கான பதில் இப்போது தயார். 1-ஐப் பகா எண் என்று சேர்த்திருந்தால் ஒருவர் 1×2×2×2×3×3 என்பார், இன்னொருவர் 1×1×1 என்று போட்டுக்கொண்டே போவார். ஆளுக்கொரு விடை, ஒரே கூட்டம் என்ற அழகான உண்மை கலைந்துவிடும். எனவே செடியில் 1 என்று கிளை விடவே கூடாது.

பிழைகள் பெரும்பாலும் சில இடங்களில்தான் வரும். 9-ஐயோ 51-ஐயோ பகா எண் என்று நினைத்து வட்டமிட்டு நிறுத்துவது ஒன்று. 72-ஐ 70+2 என்று கூட்டலாகப் பிரிப்பது இன்னொன்று, தொடக்கத்தில் பலர் செய்வார்கள். பட்டன் செவ்வகத்தின் பக்கங்கள்தான் இந்தக் கிளைகள் என்று சொன்னால் நின்றுவிடும். வட்டமிட்ட மூன்று 2-இல் ஒன்றை விட்டுவிட்டு எழுதுவது மூன்றாவது. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பெருக்கி, உச்சியில் உள்ள எண் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

2×2×2×3×3 என்பதைச் சுருக்கி 2³×3² என்று எழுதலாம். மேலே உள்ள சின்ன 3 எத்தனை 2 என்பதைச் சொல்கிறது. 2³-ஐ 2×3 என்று படித்து 6 போட்டுவிடுவார்கள், ஒரு வாரம் வரை விரித்தே எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் சுருக்கினால் இந்தச் சிக்கல் குறைவு.

எண் பெரிதானால் செடி தாளை விட்டு வெளியே போகும். அப்போது வகுத்தல் முறை. 1260-ஐ எடுங்கள். 2-ஆல் வகுத்தால் 630, மறுபடி 2-ஆல் 315, இனி 2 போகாது. 3-ஆல் 105, மறுபடி 35. 5-ஆல் 7, அதை 7-ஆல் வகுத்தால் 1. இடப்பக்கம் இறங்கி வந்த வகுத்திகள்தான் விடை: 2²×3²×5×7. சின்னப் பகா எண்ணிலிருந்து தொடங்கி, அது போகும் வரை விடாமல் வகுத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், இடையில் தாவக் கூடாது. வேகத்துக்கு இது நல்லது. புரிவதற்குச் செடிதான் நல்லது, அதனால் செடியை முதலில் வையுங்கள்.

இதனால் என்ன கிடைக்கும்?

பின்னத்தைச் சுருக்குவதில்தான் முதல் பயன் தெரியும். 84/126 என்று ஒன்று வந்தால் 2-ஆல் அடி, 3-ஆல் அடி என்று தடவிக்கொண்டே போவதற்குப் பதில் இரண்டையும் உடைத்து வைக்கலாம். 84 = 2×2×3×7. 126 = 2×3×3×7. இரண்டிலும் இருப்பவை 2, 3, 7. அவை போனால் மேலே ஒரு 2, கீழே ஒரு 3. விடை 2/3. இரண்டுக்கும் பொதுவான அந்த 2×3×7=42 தான் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பொ.கா. இரண்டையும் உள்ளடக்குகிற மிகச் சிறிய கூட்டமான 2×2×3×3×7=252 தான் மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.சி.ம. மீ.பொ.கா-வையும் மீ.சி.ம-வையும் பெருக்கினால் 42×252=10,584. 84×126-உம் அதேதான். ஏன் என்று உடைத்த எண்களைப் பார்த்தாலே தெரியும், இரண்டு பக்கமும் அதே பகா எண்கள்தான் இடம் மாறி நிற்கின்றன.

எனக்குப் பிடித்த பயன் வேறு. ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று ஒன்றுவிடாமல் தேடாமலே சொல்லிவிடலாம். 72-க்குள் மூன்று 2-உம் இரண்டு 3-உம் இருக்கின்றன. அதன் காரணி ஒன்றைக் கட்ட வேண்டுமானால் 2-இல் ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம், ஆக நான்கு வழி. 3-இல் அதேபோல் மூன்று வழி. 4×3=12. பன்னிரண்டு காரணிகள், எனவே ஆறு செவ்வகங்கள். பட்டன்களை மறுபடி எடுத்து (இப்போது 72 வேண்டும், தாளில் புள்ளி வைத்தாலும் சரி) ஆறும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் தடவித் தடவித் தேடியதை இப்போது முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

அவர்களே கேட்கும் கேள்விகள்

"மிகப் பெரிய பகா எண் எது?" என்று கட்டாயம் வரும். அப்படி ஒன்று கிடையாது, அதை யூக்ளிட் கி.மு. 300 வாக்கிலேயே காட்டிவிட்டார், ஐந்தாம் வகுப்புக்கும் புரியும்படி. உலகத்தில் 2, 3, 5, 7 நான்கு மட்டும்தான் பகா எண்கள் என்று யாரோ சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் 210. ஒன்று கூட்டினால் 211. இதை 2-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும், 3-ஆல் வகுத்தாலும் 1, 5-க்கும் 7-க்கும் அப்படியே. ஆனால் 211-ஐயும் பகா எண்களாக உடைத்தாக வேண்டுமே? எனவே அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தே ஆக வேண்டும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் இதையே செய்யலாம். 211 தானே பகா எண்ணாக இருக்கிறது, ஆனால் எப்போதும் அப்படி வராது. 13 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் 30,031 என்பது 59×509. அப்போதும் 59 பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறது. இதுவரை மனிதர்கள் கண்டுபிடித்ததில் பெரியது எது என்று கேட்டால், 2024 அக்டோபரில் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது, எழுதினால் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்.

"யாருக்கும் விடை தெரியாதது இருக்கிறதா?" என்று கேட்டால் கோல்ட்பாக்கின் ஊகத்தைக் கொடுங்கள். 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம். 10=3+7, 28=5+23, 100=3+97. 1742-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த இந்தக் கேள்வி இன்றுவரை நிறுவப்படவில்லை. 4-க்குப் பின் 18 பூஜ்யம் போட்ட எண் வரை கணினியில் சரிபார்த்துவிட்டார்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்ற நிறுவல் இல்லை. 100-ஐ எத்தனை விதமாக எழுதலாம் என்று தேடச் சொல்லுங்கள், ஆறு விதம் இருக்கிறது. சல்லடைத் தாள் பக்கத்தில் இருந்தால் போதும்.

"பெரியவர்களுக்கு இது எதற்கு?" என்றால் ஒரு சின்ன விளையாட்டு. ஒருவரிடம் 43×47 என்ன என்று கேளுங்கள், ஒரு நிமிடத்தில் 2021 என்று வரும். இன்னொருவரிடம் 2021-ஐ மட்டும் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். 2, 3, 5 என்று தொடங்கி பதினாலாவது பகா எண்ணான 43 வரை வகுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். பெருக்குவது சுலபம், உடைப்பது கடினம். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி வைத்தால் கணினிக்கும் இதே கதிதான். இணையத்தில் ரகசியமாகச் செய்தி அனுப்ப ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் 1977-இல் உருவாக்கிய முறை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. குழந்தையை ஏதாவது ஒரு மூன்று இலக்க எண் எழுதச் சொல்லுங்கள், உங்களிடம் காட்ட வேண்டாம். 352 என்று வைத்துக்கொள்வோம். அதையே பக்கத்தில் இன்னொரு முறை எழுதினால் 352352. அதை 7-ஆல் வகுக்கட்டும், மீதி வராது. வந்த ஈவை 11-ஆல் வகுக்கட்டும், மீதி வராது. அதை 13-ஆல் வகுக்கட்டும். இப்போது வந்திருப்பது அது முதலில் எழுதிய எண்தான், எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் வரும். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடாதீர்கள். 1001-ஐ மட்டும் ஒரு தாளின் உச்சியில் எழுதிக் கொடுத்து, செடி போடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.